எல்லோரும் அளந்துகொண்டுபோன சமையலறை

1973-ஆம் ஆண்டு, செங்கல்பட்டு. ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடையில் எங்கள் வீடு. அந்த வருடம் பிப்ரவரியில் பழைய சமையலறையை இடித்துவிட்டு, நின்றுகொண்டே சமைக்கிற மாதிரி மேடை போட்டுப் புதிதாகக் கட்டினேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் நடந்ததைத்தான் எழுதுகிறேன். நான் தினமும் டைரி எழுதுகிறவன். ஞாபகத்தை நம்பாமல், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை எனக்கு. அப்பா மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். ஊருக்கு வெளியே இருந்த காலனியில் பிறந்து வளர்ந்தவன் நான். அலுவலகத்தில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. டீக்கடையில் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே மாதிரி கிளாசில்தான் குடித்தோம். பேச்சில் இல்லாதது மனதிலும் இல்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

பழைய சமையலறையில் அடுப்பு தரையில் இருந்தது. என் மனைவிக்கு முழங்கால் வலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தெரியாமல் எண்ணிப் பார்த்தேன். உலை வைத்ததிலிருந்து ரசம் இறக்குவது வரை முப்பத்து நான்கு முறை உட்கார்ந்து எழுந்தாள். அன்று மாலையே கட்டம் போட்ட தாளை எடுத்தேன்.

மூன்று வரைபடம் போட்டேன். மேடையின் உயரத்துக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கை இருக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அதற்கு நாலு விரற்கடை கீழே மேடை. இரண்டடி ஏழு அங்குலம் வந்தது. சுவரை ஒட்டி ‘ட’ வடிவத்தில் மேடை, கிழக்கே ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே சிங்க், அடுப்புக்கு மேலே புகை போக வழி. மேடைக்கு அடியில் பாத்திரத்தின் உயரத்துக்குத் தகுந்தபடி தட்டுகள். என்றைக்காவது காஸ் வந்தால் சிலிண்டர் வைக்க ஓர் இடத்தைக் காலியாக விட்டேன்.

மேடைக்குக் கல் மாமல்லபுரத்திலிருந்து வந்தது. அங்கே சிலை செய்கிற பட்டறை ஒன்றில் கறுப்புக் கல் பலகைகள் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். உளியால் தட்டிப் பார்த்து, ஓசை சரியில்லாத கல்லைச் சிலைக்கு எடுக்க மாட்டார்களாம். நடுவில் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடியதைத் தவிர எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இழைத்துக் கொடுத்தார்கள். கையை வைத்தால் குளிர்ந்து வழுவழுவென்று இருக்கும்.

முதல் நாள் நின்றுகொண்டு தாளித்து இறக்கியதும் என் மனைவி புடவைத் தலைப்பால் மேடையைத் துடைத்தாள். அழுக்கே இல்லாத மேடையை மறுபடியும் துடைத்தாள்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர்தான் முதலில் வந்தார், மனைவியோடு. அந்த அம்மா மேடையைத் தடவிப் பார்த்தார், சிங்க்கில் தண்ணீர் திறந்து பார்த்தார், தட்டுகளைக் குனிந்து பார்த்தார். கணவர் கையோடு டேப் கொண்டுவந்திருந்தார். நான் அளவைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். என் மனைவி காபி கொண்டுவந்தாள். “ஐயோ, எதுக்கும்மா? இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

அடுத்து வந்தவருக்கு அன்று விரதம். அதற்கடுத்தவருக்கு டாக்டர் காபியை நிறுத்தச் சொல்லியிருந்தார். மறுநாள் ரயில் நிலையத்தில் அவர் காபி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இன்னொருவர் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, பேசிக்கொண்டே மேடைமேல் வைத்துவிட்டு, பேசிக்கொண்டே போய்விட்டார். மார்ச்சிலிருந்து ஜூன் முடிய பதினோரு குடும்பம். ஒவ்வொன்றுக்கும் டைரியில் ஒரு வரி இருக்கிறது: யார் வந்தார், எந்த அளவைக் கேட்டார், என்ன சாப்பிட்டார். கடைசிக் கட்டத்தில் பதினோரு இடத்திலும் ‘ஒன்றுமில்லை’.

எதையும் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்கிற பழக்கம் எனக்கு. காபியில்தான் கோளாறு என்று தீர்மானித்தேன். சிக்கரியைக் குறைத்துப் பார்த்தேன். பால்காரரை மாற்றினேன். தம்ளர் பழசாக இருக்கிறதோ என்று புதிய எவர்சில்வர் தம்ளர் ஆறு வாங்கினேன். வருகிறவர்களை மாலை நாலு மணிக்கு வரச் சொன்னேன், அப்போதுதான் காபி குடிக்கத் தோன்றும் என்று. ஒருமுறை விருந்தாளி முன்னாலேயே மனைவியிடம், சூடாகக் கொண்டுவரத் தெரியாதா என்று கேட்டேன். அன்றைய பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘காபி சரியில்லை. இவளுக்குச் சொல்லித் தர வேண்டும்.’

வந்தவர்கள் போன பிறகு, வீணாக்கக் கூடாதென்று ஆறிப்போன காபியை என் மனைவியே குடிப்பாள். சில நாள் மூன்று தம்ளர்.

அந்த மாதங்களில் எங்கள் சமையலறையில் வாய் நனைத்த வெளியாள் ஒருத்திதான். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து மீன் விற்கிற அம்மாள். செவ்வாயும் சனியும் வருவாள். ஒருநாள் உள்ளே வந்து எட்டிப் பார்த்தவள், “இன்னாம்மா இது, நின்னுகினே ஆக்கணுமா? எங்க வூட்ல நின்னா கூரை இடிக்கும்” என்றாள். மேடையில் கையை வைத்து, கல் ஜில்லுனு கீது என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். என் மனைவி கேட்காமலே காபியை நீட்டினாள். வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு, யாரும் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி, “உங்க வூட்ல சோறு துன்ன மாட்டேன்மா. தெரிஞ்சா எங்க ஆளுங்க பேஜாரு பண்ணுவாங்க. காபின்னா இன்னா, தண்ணிதானே” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தம்ளர் கேட்டாள். என் மனைவி சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு மரியாதை தெரியாத பேச்சு என்று நினைத்தேன். அவள் பேச்சில் இருந்தது என்ன என்று எனக்கு அன்று புரியவில்லை.

ஜூன் கடைசியில் எங்கள் தலைமை எழுத்தர் வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. சமையலறையில் இருபது நிமிடம் நின்றார். “பிரமாதம்ப்பா. இதே மாதிரி எங்க வீட்டுக்கும் நீ போட்டுக் கொடேன்” என்றார். காபி மட்டும் அவருக்கும் வேண்டாம், பித்தமாம். அந்தச் சந்தோஷத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஜூலையில் நாலு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பழைய அடுப்பை இடித்து, தரையைக் கிளறிப் போட்டிருந்த சமயம். கொத்தனாரோடு உள்ளே போனேன், வந்தேன், மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தட்டுகளைச் சரிபார்த்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டம்மாளின் முழங்கை உயரத்தை மட்டும் அவர்களே கதவில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் ஞாயிறு பால் காய்ச்சுகிற நாள். ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அங்கேதான் பலகாரம் என்று என் மனைவி அன்று வீட்டில் காபி போடவில்லை. பக்கத்து மேஜைக்காரர் உட்பட அலுவலகத்தில் ஆறு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போகும்போது ஐயர் பூஜையை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் தலைமை எழுத்தர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். மேடையில் தண்ணீர் தேங்கி நிற்கிறதாம், சிங்க்குக்குப் போகவில்லையாம், வந்து பார் என்றார்.

பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். கல் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி அது. நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் காற்றுக் குமிழ். சமையலறை வாசற்படியில் காலைத் தூக்கியபோது உள்ளேயிருந்து அந்த வீட்டம்மாளின் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை, கணவரிடம் பேசினார். தரை ஈரமாக இருக்கிறது என்று சொல்வது மாதிரிச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“இப்பதானே ஐயர் தண்ணி தெளிச்சிட்டுப் போனார்.”

தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தேன். தலைமை எழுத்தர் என் முகத்தைப் பார்க்காமல் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“அதைக் கொடுப்பா, நானே வெச்சுப் பாக்கறேன்.”

கொடுத்தேன். அவர் அதைக் கல்மேல் வைத்தார். நான் படிக்கு வெளியே நின்றேன்.

“குமிழ் எந்தப் பக்கம் போகுது சார்?”

“எந்தக் குமிழ்?”

“நடுவுல கண்ணாடி இருக்கே சார், அதுக்குள்ள.”

“ஆமா, ஓடுது. ஜன்னல் பக்கம் போகுது.”

“அப்ப சிங்க் பக்கம் ஒசந்துபோச்சு சார். இந்தக் கோடியில கல்லுக்கு அடியில சின்ன ஆப்பு வெக்கச் சொல்லுங்க. சரியாயிடும்.”

ஆப்பு எவ்வளவு கனம் என்று கேட்டார். கால் அங்குலம் என்றேன். என் குரல் மாறவே இல்லை. அலுவலகத்தில் பேசுவது போலவே பேசினேன். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கூசுகிறது. அதற்கு முந்தின ஞாயிறுதான் அந்தக் கல்லுக்கு அடியில் நான் படுத்திருந்தேன்.

கூடத்துக்கு வந்தேன். எல்லாருக்கும் எவர்சில்வர் தம்ளரில் காபி வந்தது. எனக்கு வந்தது ஒரு கண்ணாடி கிளாசில். கொண்டுவந்தவர் என் கையில் கொடுக்கவில்லை. வாசல் பக்கத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். தலைமை எழுத்தர், எடுத்துக்கப்பா, ஆறிடப்போகுது என்றார். அன்பாகத்தான் சொன்னார். காலையிலிருந்து நான் ஒன்றும் குடித்திருக்கவில்லை.

“வேண்டாம் சார். இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்.”

இதே வார்த்தையை முதன்முதலில் என் வீட்டில் சொன்ன பக்கத்து மேஜைக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் தலை குனிந்து தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பதினோரு மணி இருக்கும். என் மனைவி மேடையருகே நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் திரும்பவில்லை, களைகிற கையும் நிற்கவில்லை.

“எனக்கு மொத நாளே தெரியும்” என்றாள்.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க டேப்பைப் பிடிச்சிக்கினு அவங்க பின்னாடியே சுத்துனீங்க. அம்மாம் சந்தோசமா உங்களை நான் பார்த்ததே இல்ல. அதப் போய் எப்பிடிக் கெடுக்கிறது?”

அவள் தண்ணீரைச் சாய்த்து வடித்துவிட்டுச் சொன்னாள்.

“காபி சரியில்லன்னு சொன்னீங்களே, அதுதான் தாங்கல. காபி நல்லாத்தான் இருந்துச்சு. நான்தானே குடிச்சேன்.”

டைரியில் எழுதிய எதையும் நான் அடிப்பதில்லை. அது நான் வைத்துக்கொண்ட விதி. அதனால் அந்த ‘காபி சரியில்லை’ இன்னும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. எதிரே இடம் காலியாக இருந்தது. ‘காபி நன்றாக இருந்தது’ என்று எழுதி, அன்றைய தேதியையும் போட்டேன். அவளிடம் அதைக் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டும்.

அந்தத் தெருக்களில் அதற்குப் பிறகு பல வீடுகளில் அதே மாதிரி மேடை வந்தது. தலைமை எழுத்தர் வீட்டு மாடல் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். என்னிடமே ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி, ஒரு வரைபடம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். போய் மட்டம் பார்த்துத் தரவில்லை.

ஆறு வருடமாகிவிட்டது. காலியாக விட்ட இடத்தில் இப்போது சிலிண்டர் இருக்கிறது. மீன்கார அம்மாள் இப்போதும் வருகிறாள். உட்கார்ந்து இரண்டு தம்ளர் குடிக்கிறாள். சோறு மட்டும் வேண்டாம் என்று இப்போதும் நேராகவே சொல்கிறாள். போன வாரம் என் மனைவியின் தம்பி வந்திருந்தான். காபியை நீட்டியதும், “இப்பதான் மச்சான் குடிச்சிட்டு வந்தேன்” என்றான். அவன் எங்கள் ரத்தம், அவன் சொன்னது உண்மை. ஆனாலும் அவன் கிளம்பிப் போகும்வரை என் கண் அந்தத் தம்ளரை விட்டு நகரவில்லை, இனி எவர் சொன்னாலும் அந்த வார்த்தையை என்னால் நம்ப முடியாது.