வடகரைக் கல்லுக்கு வெள்ளையடித்தவர்

முகம்மது மீரான் தென்காசியில் ஏ.சி. மெக்கானிக். அதற்கு முன்பு குவைத்திலும் அதே வேலைதான். கேட்டால் பேசுவார், இல்லாவிட்டால் இல்லை. அவரிடம் வீட்டாருக்கு விளங்காத காரியம் ஒன்று உண்டு. வருஷா வருஷம் இறந்தவர்களுக்காக ஓதும் பராத்து இரவுக்கு முன்பு, எல்லோரும் தங்கள் வீட்டார் அடங்கிய கபர்களுக்கு வெள்ளையடிக்கும் நாட்களில், அவர் ஒரு வாளிச் சுண்ணாம்போடு வடகரைக்கு பஸ் ஏறிவிடுவார். அங்கே அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை.

அவர் மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவர் மனைவி ஜைனப் மகள் ஜுஹைனாவை அருகே கூப்பிட்டாள். "நான் புருஷன் போன இத்தாவுல இருக்கேன், நாள் முடியுற வரைக்கும் வாசல் தாண்ட முடியாது. நீ வடகரைக்குப் போய், அவரு வெள்ளையடிச்சது யாரு கபருன்னு மட்டும் கேட்டுட்டு வா."

இன்னொரு குடும்பம் இருந்ததோ, அதில் செத்துப்போன குழந்தையோ என்ற பயம் உம்மாவுக்கு. அது ஜுஹைனாவுக்கும் புரிந்தது. அவள் சென்னையில் கான்கிரீட் பரிசோதனை எஞ்சினியர்.

வடகரையில் கபர்கள் இருக்கும் மையவாடியில் வாப்பாவை ஒருவருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரர்தான் சிரித்துக்கொண்டே வாய்க்கால் பக்கம் கைகாட்டினார். அங்கே இருந்தது கபர் அல்ல, போர் நினைவுக்கல். சுற்றிலும் வேலி, தொல்லியல் துறையின் நீலப் பலகை. காவலுக்கு பரமசிவன், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரென்று கேட்டுவிட்டுப் பூட்டைத் திறந்துவிட்டார்.

முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று கல் சொன்னது. பெயர்கள் இல்லை. எழுத்துள்ள முகத்தை விட்டு மற்ற மூன்று பக்கமும் சுண்ணாம்பு, பூச்சுமேல் பூச்சாக. சுரண்டிப் பார்க்க ஓரத்தில் நகத்தை வைத்தாள். மேலே இருப்பது வாப்பாவின் கடைசிப் பூச்சு என்று தோன்றியதும் கையை எடுத்துவிட்டாள்.

"வேலி போட்ட பொறவும் வாளியோட வந்து நின்னாரு," என்றார் பரமசிவன். "உள்ள விட்டா என்னையத் தூக்கி உள்ள வச்சிருவாங்க பாய்னேன். வெளிய நின்னே ஓதிட்டுப் போனாரு."

ஏ.சி. வேலைக்கு வந்த இடத்தில்தான் மீரான் முதலில் கல்லைப் பார்த்தாராம். திரும்பாதவர்களை எங்கே அடக்கினார்கள் என்று பரமசிவனிடம் கேட்டாராம்.

"பஸ்ரா பக்கம்னு சொன்னேன். 'அண்ணாச்சி, அங்கயிருந்து குவைத்து பக்கந்தான். எங்க ஒலி முகம்மது அங்கனதான் கெடக்கான். கபரைப் பாக்க ஒரு ஆளு போனதில்ல. இவங்களுக்கு அடிச்சா அவனுக்கும் அடிச்ச மாதிரி'ன்னாரு."

"வீட்டுல சொல்லலையே?"

"கல்லுக்கு வெள்ளையடிக்கான்னு ஜமாத்துல சிரிப்பாங்களாம். உங்கம்மா வரைக்கும் போகக் கூடாதுன்னாரு."

ஜுஹைனா வாய்க்கால் கரையில் நின்று உம்மாவுக்கு போன் செய்தாள். கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள். ஒலி முகம்மது குவைத்தில் வாப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர், அங்கேயே தூக்கத்தில் போய்விட்டவர் என்பதை உம்மாதான் சொன்னாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏட்டி, அவன் பொண்டாட்டி நஸீபா சுரண்டையிலதான் இருக்கா. அவ புருஷனுக்காக இவரு வெள்ளையடிச்சது அவளுக்கும் தெரிஞ்சிருக்காது. நீ நேரா வீட்டுக்கு வராத. தென்காசியில மாறி சுரண்டை பஸ்ஸைப் பிடி. அவகிட்டச் சொல்லிட்டு வா."