வெட்டிப்போட்ட கேள்விகள்

அவள் கேமராவைத் தோளில் வைத்தால் பூட்டின கதவுகூடப் பேச ஆரம்பிக்கும். தையல் ஆலைப் பெண்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்கள், புருஷனை விட்டு வந்தவர்கள், விடாமல் அவனைத் திருத்தியே தீருவேன் என்று நிற்பவர்கள், எல்லாரும் அவளிடம் கொட்டித் தீர்த்திருக்கிறார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு பேச ஆரம்பித்தாளாம்; முடிப்பதற்குள் அந்தக் குழந்தைக்குக் கல்யாணமே ஆகிவிட்டதாம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். முதலாளி இல்லை, கம்பெனி இல்லை. பெண்கள் படும் பாட்டைப் பெண்களே சொல்லட்டும் என்று அவளே எடுத்து, அவளே வெட்டி ஒட்டி, சங்கக் கட்டடங்களிலும் விடுதிக் கூடங்களிலும் வெள்ளைத் துணி கட்டிக் காட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவளிடம் வாயே திறக்காத பெண் ஒருத்தி உண்டு. அவளைப் பெற்றவள்.

"எனக்கென்னடி கதை? சமைச்சேன், துவைச்சேன், உன்னைப் பெத்தேன். முடிஞ்சுது, போ."

படத்துக்குப் படம் கெஞ்சிப் பார்த்தாள். அம்மா மசியவில்லை. ஊர் ஊராக அலைந்து யார் யாருடைய அம்மாக்கள் முன்னாலோ உட்காரும்போதெல்லாம், இந்த நாற்காலியில் தன் அம்மா இருந்தால் என்று நினைப்பு ஓடும்.

அம்மாவுக்கும் ஒரு குறை. பார்வை மங்கிய பிறகு மகளின் படங்களைக் காதால்தான் பார்த்தாள்.

"எல்லார் குரலும் கேக்குது. உன் குரல் எங்கடி?"

"கேள்வியை வெட்டிருவேன்மா. பதில்தான் முக்கியம்."

"யாருக்கு?"

மகளுக்குச் சுருக்கென்றது. வெட்டிப்போட்ட கேள்விகளையெல்லாம் பொறுக்கினாள். ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க நடுநடுவே கொஞ்சம் மௌனம் விட்டு, ஒரு சின்ன ஒலிப்பெட்டியில் ஏற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு, அடுத்த படப்பிடிப்புக்குக் கிளம்பிப் போனாள்.

அந்த வேலை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. சொல்லாமல் வீடு திரும்பியவள் வாசல் கதவருகே நின்றுவிட்டாள். உள்ளே அவளுடைய குரலே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

"வீட்ல யாருக்குப் பயப்படுவீங்க?"

"பெத்தவளைப் போய் என்னடி நீங்க வாங்கன்னு," என்றாள் அம்மா பெட்டியிடம். "உங்கப்பாவுக்குத்தான். அவர் செருப்புச் சத்தம் கேட்டா சிரிப்பை முழுங்கிருவேன். அவர் போன பிறகும் கொஞ்ச நாள் முழுங்கினேன், பழக்கம்."

"உங்களுக்குன்னு ஒரு நாள் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

பதில் வரவில்லை. அடுத்த கேள்வி வந்துவிடப் போகிறதே என்று மகளுக்கு அடித்துக்கொண்டது.

"ரயில்ல ஜன்னல் ஓரம் உக்காருவேன். எங்க போகுதுன்னு கேக்க மாட்டேன். கூட யாரும் வேணாம். நீ வேணா வா. ஆனா கேள்வி கேக்கக் கூடாது."

மகளின் கை பையின் ஜிப்புக்குப் போனது. கேமரா உள்ளேதான் இருந்தது. சரி என்று சொல்லாத எந்தப் பெண் முன்னாலும் அவள் பொத்தானை அழுத்தியதில்லை. போன கை திரும்பி வந்தது.

"யார்கிட்டம்மா பேசிட்டிருந்தே?" என்றபடி உள்ளே நுழைந்தாள்.

"நான் எங்க பேசினேன்? வந்ததும் வராததுமா விசாரணையா?"

அடுத்த படத்தில், முதல்முறையாக, அவள் தன் குரலை வெட்டவில்லை. படத்தின் கடைசியில் அந்த 'உங்களுக்குன்னு ஒரு நாள்' கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரையை இருட்டாகவே விட்டாள், அன்றைக்குப் பதில் சொல்ல அம்மா எடுத்துக்கொண்ட நேரம் வரைக்கும்.

முதல் காட்சியன்று, திரை இருண்டதும், மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று ஆபரேட்டர் ஓடிவந்தார். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். முன்வரிசையில் அம்மா மெல்ல மகள் பக்கம் சாய்ந்தாள்.

"ஜன்னல் ஓரம்," என்றாள், அவள் காதுக்கு மட்டும்.

மகள் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்றுதானே பேச்சு.