எறும்பு மொய்த்த சாக்கு

கண்ணால் கண்டவற்றையும் கையால் தொட்டுப் பார்த்தவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஆராயாமல் நான் சொன்ன ஒரு சொல்லால் ஒருவருடைய தொழிலுக்கு இழுக்கு நேர்ந்தது. ஆதலால் இம்முறை ஊகத்துக்கு இடமில்லை.

சென்ற ஆண்டு மாரிக்கு முன், கல்லடியில் என் வீட்டின் பின்மதிலைக் கட்டுவித்தேன். மணல் கிடைப்பது அரிதாயிருந்தது. கண்ணாடியைப் பொடித்து, மணலில் ஒரு பங்குக்கு ஈடாகச் சாந்தில் சேர்க்கலாம் என்று படித்திருந்தேன். குளிர்பானக் கடையொன்றில் வெற்றுப் போத்தல்களை வாங்கி, சாக்கில் கட்டி இடித்து, அரிதட்டில் சலித்து வைத்தேன். வவுணதீவிலிருந்து மதில் கட்ட வந்த மேசன் தயங்கினார்.

“மணலெண்டா எனக்குத் தெரியும் டீச்சர். இது நான் தொடாத சாமான்.”

“படிச்சுத்தான் சொல்றன். நீங்க குழையுங்க.”

“சரி. மதில் விழுந்தா எனக்குப் புள்ளி குறைச்சிராதீங்க.”

மூன்றாம் நாளும் சாந்து இறுகவில்லை. விரலால் தொட்டாலே உதிர்ந்தது. அன்று மாலை அயல்வீட்டார், தங்கள் வீட்டு வேலையையும் அவரிடமே கொடுக்க எண்ணியிருப்பதாகச் சொல்லி, அவரைப் பற்றி விசாரித்தனர். “சீமெந்தைக் குறைச்சிட்டார் போல” என்றேன்.

மறுநாள் காலையில் மேசன் வந்தபோது அச்செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. குரலை உயர்த்தவில்லை. எஞ்சியிருந்த கண்ணாடிப் பொடிச் சாக்கின் அருகே குந்தி நெடுநேரம் பார்த்தார்.

“இஞ்ச வாங்க டீச்சர். மணலுக்கு எறும்பு வருமா?”

சாக்கின் வாயெங்கும் எறும்பு. போத்தல்களை நான் கழுவவே இல்லை. அடியில் உலர்ந்திருந்த இனிப்புப் பானமும் பொடியோடு கலந்திருந்தது.

“சீனி பட்டா சீமெந்து இறுகாது. கழுவினீங்களா எண்டு நான் கேட்டிருக்க வேணும்” என்று, தமக்குரியதல்லாத பழியில் பாதியை அவரே எடுத்துக்கொண்டார்.

அவருடைய யோசனைப்படி இரண்டு சிரட்டைகளில் சாந்து நிரப்பினோம்: ஒன்றில் கழுவிய பொடி, மற்றதில் கழுவாதது. சீமெந்தின் அளவு ஒன்றே. இரண்டு நாளில் முன்னது கல்லாயிற்று. பின்னது நகத்துக்கே இடங்கொடுத்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு, அவரையும் அழைத்துச் சென்று, பிழை என்னுடையது என்று அயல்வீட்டாரிடம் சொன்னேன். அவர்கள் அதற்குள் வேறொருவரை அமர்த்தியிருந்தனர்.

திரும்பும் வழியில் மேசன், “விடுங்க டீச்சர். முதல்ல உங்கட மதிலப் பிரிச்சுக் கட்டுவம்” என்றார்.

கழுவிய கண்ணாடியால் மீண்டும் கட்டப்பட்ட அம்மதில் மாரியைத் தாங்கி நிற்கிறது. அதைக் காணும்போதெல்லாம், பிறர் கைவேலையைப் பற்றிப் பேச எழும் என் நா ஒருகணம் நின்றுவிடுகிறது. என் சொல்லால்தான் அவ்வேலை அவருக்குக் கைநழுவியதா என்று அயல்வீட்டாரிடம் ஒருமுறை கேட்டேன். அவர்கள் பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிட்டனர். இன்றுவரை எனக்குத் தெரியாது.