பொடவ மாத்திக்கினு எடுத்த படம்

எங்க பக்கத்துல ஒருத்தர் கேமராவத் தூக்கினா, எதிர்ல நிக்கிறவங்க மொதல்ல வூட்டுக்குள்ள ஓடுவாங்க. பயந்துகினு இல்ல. மூஞ்சி கழுவ, பவுடர் போட, பொடவ மாத்த. திரும்பி வந்து ரெண்டு கையையும் தொங்க விட்டுக்கினு, மூச்சப் புடிச்சிக்கினு, கேமராவையே மொறைச்சுப் பாத்துக்கினு நிப்பாங்க. படம்னா அதுதான் படம். "இயல்பா இருங்க"ன்னு சொல்றவனக் கண்டா எனக்கு இன்னிக்கும் பத்திக்கினு வரும். இயல்பா இருக்கறத எதுக்குய்யா படம் எடுக்கணும்? அதத்தான் தெனம் பாக்கறமே.

மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவுல, ரோட்ட வுட்டு உள்ள தள்ளி எங்க காலனி. தொண்ணூறுகள்ல எங்க தெருவுல ஒருத்தருக்கும் சொந்த நெலம் கெடையாது. அம்மா அடுத்தவங்க கழனியில நடவுக்கும் களையெடுக்கவும் போவும். அப்பா கல்பாக்கம் டவுன்ஷிப்புல காண்ட்ராக்ட்ல தோட்ட வேல. நான் ஒன்பதாங் கிளாஸ்.

ஒரு சனிக்கெழம, அம்மாவுக்குக் கஞ்சித் தூக்குவாளிய எடுத்துக்கினு கழனிக்குப் போனேன். வரப்பு மேல ஒரு வடநாட்டு ஆளு நின்னுக்கினு இருந்தாரு, கழுத்துல ரெண்டு கேமரா. கூட மாமல்லபுரத்து கைடு ஒருத்தர், வெள்ளக்காரங்களுக்குச் செலைங்களச் சுத்திக் காட்டறவரு. கேமராக்காரரு நாடு பூரா சுத்தி, எல்லா சாதி சனங்களும் தெனப்படி எப்படிப் பொழைக்கிறாங்கன்னு படம் எடுத்துப் புத்தகம் போடறாராம். கைடு இத விவரமா சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்த ஆளு மளமளன்னு எடுத்துத் தள்ளிட்டாரு.

அம்மா நிமுந்துச்சு. முட்டி வரைக்கும் சேறு, இழுத்துச் சொருகின பொடவ, தலையில கட்டின துண்டு.

"இன்னா அண்ணாத்த, இந்தக் கோலத்துலயா எடுப்பாங்க? செத்த இருக்கச் சொல்லு. மாத்திக்கினு வந்துடறேன்."

கைடு இங்கிலீஷ்ல சொன்னாரு. அந்த ஆளு சிரிச்சுக்கினே தலையாட்டினாரு. அம்மா வரப்புல ஓடின ஓட்டத்துக்கு என்னால ஈடு குடுக்க முடியல.

எங்க அம்மா அப்பா கல்யாணத்துக்கு யாரும் படம் எடுக்கல. எடுக்க வக்கில்ல, அவ்ளோதான். அம்மா குளிச்சு, இருந்த ஒரே அரக்குப் பட்டக் கட்டிக்கினு, கனகாம்பரம் வெச்சுக்கினு, தூங்கிக்கினு இருந்த அப்பாவ உலுக்கி எழுப்புச்சு.

"எனக்கு எதுக்கும்மே இதெல்லாம்?"

"கல்யாணத்துலதான் எடுக்கல. இப்பவாவது பக்கத்துல வந்து நில்லுய்யா."

அப்பா முணுமுணுத்துக்கினே பொங்கல் சட்டையக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கினாரு. தண்ணி தொட்டுத் தல வாரினாரு. ரெண்டு பேரும் வூட்டுக் கதவுக்கு முன்னாடி நின்னாங்க. அந்த ஆளு மொதக் கேமராவ இடுப்புப் பக்கம் தள்ளிட்டு ரெண்டாவதத் தூக்கினாரு. நல்ல பொடவைக்கு நல்ல கேமரா போலன்னு நான் நெனச்சேன். எடுக்கற நேரத்துல அப்பா அம்மா தோள் மேல கைய வெச்சாரு. தெருவே ஓன்னு கத்துச்சு. அம்மா வெக்கப்பட்டுக் குனிஞ்சு, அப்புறம் நிமுந்துச்சு. அப்பா கைய எடுக்கல.

படம் தபால்ல வரும்னு சொல்லிட்டுப் போனாங்க. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டா அம்மா வாசலுக்கு வந்துடும். "அதெல்லாம் கெணத்துல போட்ட கல்லு, வுடு"ன்னு பக்கத்து வூட்டு அக்கா சொல்லும். "வரும்க்கா, டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுச்சே"ன்னு அம்மா சொல்லும். "உன் அழகப் பாத்துட்டு அனுப்ப மனசில்லாம அவனே வெச்சுக்கினான் போலகீது"ன்னு அப்பா ஓட்டுவாரு. கொஞ்ச நாள்ல அது எங்க வூட்டு சிரிப்பா மாறிடுச்சு. ஆனா அம்மா எதிர்பாக்கறத நிறுத்தல.

அப்புறம் கழனியெல்லாம் மனையாச்சு. நாத்து நட்ட எடத்துல கல்லு நட்டாங்க. நான் செங்கல்பட்டுல டிகிரி முடிச்சு, படூர் பக்கம் ஒரு கம்பெனியில வேலைக்குச் சேந்தேன். தெனம் எட்டு மணி நேரம் வெளிநாட்டுக்காரங்க கிட்ட போன்ல இங்கிலீஷ் பேசற வேல. மொதச் சம்பளம் வாங்கின வருஷமே அப்பா போயிட்டாரு. வேல முடிஞ்சு திரும்பி வர்ற பஸ்ஸுல நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வரைக்கும்கூட தாங்கல.

மால போட ஒரு படம் வேணுமே. தேடினா வூட்டுல அப்பா படம்னு இருந்தது காண்ட்ராக்ட் பாஸுல ஒட்டியிருந்த அந்தத் துணுக்கு ஒண்ணுதான். அதப் பெருசு பண்ணினோம். கழுத்துக்கிட்ட இருந்த ரப்பர் முத்திரைய அழிக்கப் போய், அழிச்ச எடத்துல கழுத்தே கொஞ்சம் கோணலாயிடுச்சு. அம்மாவுக்கு அந்தப் படத்தப் புடிக்கவே இல்ல. "இது அவரு மூஞ்சியே இல்ல. நாங்க ரெண்டு பேரும் நிக்கிற படம் அந்த சார் கிட்ட கீது. அதுல பாரு, ராசா மாதிரி இருப்பாரு"ன்னு வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் சொல்லும்.

ஒரு ஞாயித்துக்கெழம அந்த சாரே வந்துட்டாரு. தல நரைச்சிருந்தது. கூட அதே கைடு. அன்னிக்கு எடுத்த ஆளுங்களையே தேடித் தேடி மறுபடி எடுக்கறாராம், அப்ப எப்படி இப்ப எப்படின்னு. வந்தவருக்கு அம்மா பிளாஸ்டிக் சேரத் தொடச்சுப் போட்டுச்சு. அவரு உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள என் காதுல, "படம் கொண்டாந்திருக்காரா கேளு"ன்னுச்சு.

அவரு பையிலேருந்து புத்தகத்த எடுத்து அம்மா மடியில வெச்சாரு. கைக்கொழந்த கனம். ஒட்டகம் மேய்க்கறவரு, காஷ்மீர்ல படகுல பூ விக்கிறவரு, நாகாலாந்துக் கெழவி, மசூதி வாசல்ல தொப்பி தைக்கிறவரு, கேரளாவுல வல இழுக்கறவங்க. நல்ல படங்கதான், இல்லங்கல. ஒவ்வொண்ணுலயும் வெளிச்சம் அப்படி வந்து வுழுந்திருந்தது. ஆனா அந்தப் புத்தகத்துல ஒருத்தர் கால்லயும் செருப்பு கெடையாது. ஒரு பிளாஸ்டிக் சேர் கெடையாது. பிளாஸ்டிக் சேர் இல்லாத தெரு இந்த நாட்டுல எங்கய்யா கீது?

அம்மா ரெண்டு பக்கத்துக்கு நீண்டு கெடந்துச்சு. குனிஞ்ச முதுகு, சேறு, பாதி திரும்பின மூஞ்சி. கீழ "நடவுப் பெண், கிழக்குக் கடற்கரை"ன்னு இங்கிலீஷ்ல. பேரு இல்ல. "நாந்தான்"னு சொல்லிட்டு அம்மா அடுத்த பக்கத்தத் திருப்புச்சு. கடைசி வரைக்கும் போயி, திரும்ப மொதல்லேருந்து வந்துச்சு.

"இவங்கல்லாமும் பாவம் மாத்திக்கினு வந்திருப்பாங்க. அதெல்லாம் வேற புக்கா? கேளு."

கேட்டேன். அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. எல்லா ஊர்லயும் இதே கததானாம். எடுத்து முடிச்ச அப்புறம் சிங்காரிச்சுக்கினு வந்து செல மாதிரி நிப்பாங்களாம். வேணாம்னா மனசு ஒடஞ்சு போயிடுவாங்க. அதுக்குன்னே ரெண்டாவது கேமராவுல ஃபிலிம் போடாம வெச்சிருப்பாராம். சும்மா கிளிக் பண்ணுவாராம். அவங்களுக்கும் சந்தோஷம், ஃபிலிமும் வீணாகாது. கைடு தரையப் பாத்துக்கினு இருந்தாரு.

கெட்ட மனுஷன் இல்ல அவரு. அவ்ளோ தூரம் அந்தக் கனத்தத் தூக்கிக்கினு வந்தவரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. அதுதான் எனக்கு இன்னும் எரிஞ்சுது. புத்தகத்தப் புடுங்கி சாக்கடையில வீசலாமான்னு வந்துச்சு.

அவரு சிரிச்சதப் பாத்து அம்மாவும் சிரிச்சுக்கினு இருந்துச்சு. "இன்னாடி சொல்றாரு? கீதாமா?"

"தொலைஞ்சு போயிடுச்சாம்மா"ன்னு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா எங்கம்மாவ ஏமாத்தினவங்க போதும்னு தோணுச்சு. அவரு சொன்னத அப்படியே சொன்னேன்.

அம்மா மூஞ்சியிலேருந்து சிரிப்பு போறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. புத்தகத்த மூடி அவரு கையில குடுத்துச்சு. நைட்டி மேல போட்டிருந்த துண்ட சரி பண்ணிக்கினு, கொரல ஒசத்தாம, அவரப் பாத்தே பேசுச்சு.

"அன்னிக்கே ஃபிலிம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல சார். அப்படியே பஸ் ஏறி செங்கல்பட்டு ஸ்டூடியோவுக்குப் போயிருப்போம். அந்த மனுசன் சட்டயெல்லாம் போட்டுக்கினு ரெடியாத்தான நின்னாரு."

அவரு ஒண்ணும் புரியாம என்னப் பாத்தாரு.

"இங்கிலீஷ்ல சொல்லுடி"ன்னுச்சு அம்மா.

சொன்னேன்.