மைமூன் பீவி மேடத்தின் நோட்டு

"அண்ணாச்சி, அந்த ரத்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்ட அம்மா தவறிட்டாங்களாம். இனி அவங்க கோர்ட்டுக்கு வர முடியாதுல்லா? நம்ம கேஸுக்கு நல்லதுதானே?"

செய்தி எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. போனில் பேசியவர் என் கட்சிக்காரர், வள்ளியூரில் லோடு வேன் ஓட்டுகிறவர். குடித்துவிட்டு ஓட்டிச் சாலையோரச் சுவரில் மோதியதாக அவர் மீது வழக்கு. லைசென்ஸ் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. "விசாரிக்கேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, மேசையில் இருந்த காப்பியைக் குடித்து முடித்தேன். அது ஆறியிருந்ததா, சூடாக இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மைமூன் பீவி மேடம் அரசு ஆய்வகத்தில் வேதியியல் அதிகாரியாக இருந்தவர். போலீசார் அனுப்பும் ரத்தத்தில் ஆல்கஹால் எவ்வளவு என்று அளந்து சொல்வது அவர் வேலை. அந்த அளவில் ஓட்டை தேடுவது என் வேலை. இருபது வருடம் எதிரெதிரே நின்றோம்.

முதல் வழக்கில் என் கறுப்புக் கோட்டு புதிது, தெனாவட்டு அதைவிடப் புதிது. ரத்தம் எடுக்க ஊசி குத்துமுன் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார்கள். அந்த ஸ்பிரிட்டிலும் ஆல்கஹால் உண்டு. அதை வைத்து அவரை மடக்கிவிடலாம் என்று எழுந்தேன்.

"துடைத்த ஸ்பிரிட் ரத்தத்தில் கலக்க வாய்ப்பு உண்டா, இல்லையா?"

"உண்டு. ஆனா கையைத் துடைச்சது நான் இல்லையே. அந்த நர்ஸம்மாகிட்டல்லா கேக்கணும்? எனக்குப் பாட்டில்தான் வருது, கை வரல."

கோர்ட்டே சிரித்தது, நீதிபதி உட்பட. மூக்குடைபட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் அவரே என்னைக் கூப்பிட்டார். "நல்ல கேள்விதான் வக்கீல் சார், ஆளுதான் மாறிப்போச்சு. அடுத்த தடவை நர்ஸைக் கூப்பிட்டுக் கேளுங்க." அதன்படியே கேட்டு, அடுத்த வருடம் ஒரு வழக்கை ஜெயித்தேன்.

கூண்டில் ஏறும்போதெல்லாம் அவர் கையில் ஒரு நீள நோட்டு இருக்கும், குறுக்கே ரப்பர் பேண்ட் போட்டு. கேள்வி கேட்டதும் பதில் வராது. ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டுவார், பையப் பையப் பக்கம் புரட்டுவார், படிப்பார். பிறகுதான் வாயைத் திறப்பார். அதற்குள் அரசு வக்கீல் பல்லை நறநறவென்று கடித்துவிடுவார்.

பிறகு அந்த பஸ் வழக்கு. வண்ணார்பேட்டையில் பஸ் மோதி, பைக்கில் வந்த பையன் ஒருவன் இறந்துபோனான். குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு; நான் பஸ் டிரைவருக்கு வக்கீல். ரத்தம் எடுத்த பாட்டிலில், அது கெடாமல் இருக்க ஒரு உப்பு போட வேண்டும். போடாவிட்டால் ரத்தம் புளித்துத் தானாகவே ஆல்கஹால் உண்டாகலாம். உப்பு போட்டிருந்ததா என்று கேட்டேன். நோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"எழுதல."

"பார்த்த ஞாபகம் உண்டா?"

"எழுதலன்னா பாத்தேன்னு சொல்ல முடியாது. பாக்காம விட்டது என் தப்பு."

டிரைவர் விடுதலையானார். வராந்தாவில் பையனின் அம்மா நின்றிருந்தார். நான் கோட்டைக் கழற்றும் சாக்கில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மேடம் நேரே அவரிடம் போனார். "ஒங்க பிள்ள கேஸு என்னாலதான் போச்சும்மா" என்றார். அந்த அம்மா ஏசவில்லை. மேடத்தின் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார், மேடமும் கூடவே உட்கார்ந்தார். ஜெயித்ததற்காக நான் வெட்கப்பட்ட வழக்கு அது ஒன்றுதான். அதன் பிறகு மேடம் எந்த ரத்தத்துக்கும் நோட்டில் முதல் வரியாக எழுதியது அந்த உப்பைப் பற்றித்தான்.

போன் வந்த அன்று மேலப்பாளையத்தில் மேடத்தின் வீட்டுக்குப் போனேன். மாரடைப்பு என்றார்கள். வெளியே போட்டிருந்த நாற்காலியில் என் பக்கத்தில் அவருடைய தம்பி வந்து உட்கார்ந்தார். "எங்க லாத்தா ஒங்களப் பத்திச் சொல்லுவா சார். 'அந்த மனுசன் எடக்காத்தான் கேப்பாரு, ஆனா கேக்க வேண்டியதை விடமாட்டாரு'ம்பா." நான் தலையாட்டினேன். அழுகை வரவில்லை. வராததற்கு வருத்தமும் வரவில்லை.

பத்து நாள் கழித்து வேன் டிரைவரின் வழக்கு வந்தது. மேடத்துக்குப் பதிலாக ஒரு இளம் அதிகாரி வந்து, ரிப்போர்ட்டில் இருப்பது மேடத்தின் கையெழுத்துதான் என்று சாட்சி சொன்னார். அதே நோட்டைக் கொண்டுவந்து கூண்டுக் கட்டையின் மேல் வைத்திருந்தார். எங்கள் வழக்கின் உயிரே ஒரு கேள்விதான். அந்தப் பாட்டில் நான்கு நாள் வெயிலில் அலைந்த பிறகே ஆய்வகத்துக்குப் போயிருந்தது.

"வரும்போது பாட்டில் எப்படி இருந்தது?"

"சரியாத்தான் இருந்திருக்கும் சார்."

"உப்பு?"

"போட்டிருப்பாங்க சார்."

நான் சும்மா நின்றேன். நீதிபதி "வேறு கேள்வி உண்டா?" என்றார். "இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

டவுண் பஸ்ஸில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது. நோட்டைத் திறக்கும்படி நான் கேட்கவே இல்லை. இருபது வருடத்தில் ஒரு நாளும் அப்படிக் கேட்க வேண்டியிருந்ததில்லை. அவரே திறந்துவிடுவார். நேற்று பிராக்டிஸுக்கு வந்தவன்கூட விடாத கேள்வியை விட்டுவிட்டு, அந்த ரப்பர் பேண்ட் கழலுவதற்காகக் காத்து நின்றிருக்கிறேன். ஒருவருடைய பிழைப்பு அந்த நோட்டுக்குள் கிடக்கிறது. பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில்தான் மேடம் இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் கட்சிக்காரரை வரவழைத்து என் தப்பைச் சொன்னேன். அந்த அதிகாரியை நோட்டோடு மறுபடி அழைக்க மனுப் போடலாம் என்றேன்.

"எல்லாம் ஒழுங்கா இருந்துச்சுன்னு எழுதியிருந்தா, அண்ணாச்சி?"

"அப்போ நமக்குப் பேச வாய் கெடையாது."

"அந்தம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

"அதுல உள்ளதைத்தான்."

"அவங்க செத்தது நல்லதுன்னு சொல்லிட்டேனே. தப்பு அண்ணாச்சி. மனுவைப் போடுங்க."

போட்டுவிட்டேன், மேடம். அடுத்த வாய்தாவில் நீதிபதி சம்மதித்தால் உங்கள் நோட்டை வேறொருவர் திறப்பார். கழற்றிய ரப்பர் பேண்டை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியாது. உங்கள் எழுத்தில் என்ன இருந்தாலும் நாங்கள் இருவரும் ஏற்றுக்கொள்கிறோம். கேட்க வேண்டியதை, பிந்தியாவது, கேட்டுவிட்டேன். போய் வாருங்கள்.