மாமாவின் இலையில் சேனைக்கிழங்கு

என் மாமனாருக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர். ஆனால் எங்கள் வீட்டுப் படையலில் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சீமைக்காய் ஆகாது. அதனால் அவர் செத்த மறுவருசத்திலிருந்து, திதிக்குத் திதி, சேனைக்கிழங்கை உருளை மாதிரி நறுக்கி நான்தான் வறுத்து வைக்கிறேன். புளித்தண்ணியில் எவ்வளவு அலசினாலும் உள்ளங்கை அரிப்பு பொழுதடையும்வரை போகாது. போகாமல் இருக்கட்டும். மூத்த மருமகள் கை, மூத்த மருமகள் அரிப்பு.

இந்த வருசம் கொழுந்தன் பொண்டாட்டி நரிக்குடியிலிருந்து ஒரு பை சேப்பங்கிழங்கோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

“அக்கா, சேனை சதுரமால்ல கெடக்கு? இது உருண்டையா இருக்கும். மாமா உருளைன்னே நம்பிருவாக.”

“செத்தவுகள ஏமாத்தவா பஸ்ஸேறி வந்த?”

சிரித்தாள். சிரித்தால் இன்னும் அழகாகிவிடுவாள், அது வேறு.

அவள் வேகவைத்த கிழங்கு கொழகொழத்துப் போகட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். போகவில்லை. தோல் கழலும் பதத்தில் இறக்கி, ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் லேசாக அமுக்கி, அரிசிமாவு தூவி எண்ணெயில் விட்டாள். அந்த வாசம் அடுப்படியைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகளை எழுப்பிக் கூட்டிவந்தது. என் சேனை ஒருநாளும் யாரையும் எழுப்பியதில்லை.

அத்தை இரண்டையும் இலையில் வைத்தார்கள். கும்பிட்டு முடிந்ததும், வழக்கப்படி மூத்த மகன், என் வீட்டுக்காரர், அந்தப் படையல் இலையில் உட்கார்ந்தார். நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் சேனைப் பக்கம் வந்தது, பருப்பில் திரும்பியது, சேப்பங்கிழங்கை எடுத்தது. மறுபடியும் சேம்பு. சேனை வைத்தது வைத்தபடி.

“அது இன்னுங் கொஞ்சம் இருக்கா?” என்றார், என்னைப் பார்த்து.

எடுக்கப் போன இடத்தில் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். கொஞ்சம் காறியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாப்பாடு முடிந்து ஏனம் கழுவும்போது அத்தை, “எதுக்கு ரெண்டு கெழங்கு? அடுத்த வருசம் ஒண்ணு போதும்” என்றார்கள்.

“அக்கா சேனையே இருக்கட்டும் அத்தே” என்றாள் அவள், குனிந்தபடி. ஜெயித்தவள் காட்டுகிற அந்தப் பெருந்தன்மைதான் சேனையைவிட அரித்தது.

“வேணாம். சேம்பே வைப்போம்” என்றேன். “நான் செய்யிறேன்.”

“நானே வந்து செஞ்சு குடுக்குறேன்க்கா.”

“நீ எதுக்கு அம்புட்டுத் தூரம் பையத் தூக்கிட்டு அலையிற? எத்தன கொதியில எறக்குனன்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”