பீவர் ஓடைக் கோட்டையின் சமையல்காரி

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கெசியா முதலில் பீன்ஸ் சட்டியை மூடுவாள். சுவர்க்கட்டைகளுக்கு இடையே அப்பியிருக்கும் மண், குண்டு படும்போதெல்லாம் சட்டிக்குள் உதிரும்; எந்தக் கட்சி ஜெயித்தாலும் பல்லில் கல் கடிபடுகிறது என்று அவளைத்தான் திட்டுவார்கள்.

1856இல் அமெரிக்காவின் கான்சாஸில், அடிமைமுறை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே பீவர் ஓடைக்கரையில் நின்ற அந்த மரவீட்டைக் கோட்டை என்று சொல்ல நல்ல மனசு வேண்டும். இரண்டு அறை, துப்பாக்கி நீட்டப் பதினாலு துளை. அடிமைமுறை வேண்டும் என்ற மேஜர் அதைக் கட்டி, கெசியாவை மிசௌரியிலிருந்து விலைக்கு வாங்கி வந்தார். வேண்டாம் என்றவர்கள் ஜூனில் அதைப் பிடித்தார்கள். இரண்டே நாளில் மேஜர் மீட்டுக்கொண்டார். ஆக, கெசியா இரண்டு நாள் சுதந்திரமாக இருந்து பார்த்தவள். இரண்டு நாளும் சமையல்தான்.

இரு தரப்பும் அவளை "அத்தை" என்பார்கள். உறவு அத்தோடு சரி.

"அடிமை வேணுங்கிறவன் கேக்காம ரொட்டிய எடுத்துக்குவான். வேணாங்கிறவன் தயவுசெஞ்சுன்னு சொல்லிட்டு எடுத்துக்குவான்" என்பாள், சிரிக்காமல்.

ஆகஸ்டில் வேண்டாம் என்றவர்கள் மறுபடி பிடித்தார்கள். தலைவர் கேப்டன் ஆல்வா, மாசசூசெட்ஸில் வாத்தியாராக இருந்தவர். ரொட்டிக்கு வெண்ணெயா பன்றிக்கொழுப்பா என்பதற்குக்கூடக் கைதூக்கச் சொல்வார்.

மறுநாள் மதியம் வடக்கே, அடிமைமுறை இல்லாத அயோவாவுக்கு ஒரு வண்டி கிளம்புவதாக இருந்தது. அங்கேதான் கெசியாவின் மகள் ஹெட்டி இருந்தாள், நான்கு வருடத்துக்கு முன் தப்பிப் போனவள். அந்த வண்டியை விட்டால் அடுத்தது எப்போதோ. அதற்குள் மேஜர் வந்துவிட்டால் கெசியா பழையபடி அவருடைய சரக்குதான்.

வண்டி கிளம்பும் அன்று காலையில் கூட்டம் கூடியது. அடிமைத்தனம் ஒழிக என்ற தீர்மானம் கரகோஷத்தோடு நிறைவேறியது. பிறகு ஒருவன் எழுந்தான்.

"அத்தை போயிட்டா நாம எதத் திங்கிறது? இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமே. சம்பளம் குடுத்துருவோம்."

"சுதந்திரமாத்தானே இருக்கப் போறாங்க" என்றார் கேப்டன், நெஞ்சு நெகிழ்ந்து. "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

முப்பத்தொரு கை உயர்ந்தது.

"எதிர்க்கிறவங்க?"

அடுப்பருகே சோளமாவு ஒட்டிய ஒரு கை எழுந்தது. கெசியா அதை நன்றாக உயர்த்தியே பிடித்திருந்தாள். கேப்டனின் பார்வை அதைத் தாண்டிச் சுவர் வரை போய்த் திரும்பியது.

"யாருமில்ல. ஏகமனதா நிறைவேறிச்சு."

கெசியா கையை இறக்கினாள். தண்ணீர் வாளியைத் தூக்கி, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் மொத்தமாக ஊற்றிவிட்டு, வண்டி நின்ற பக்கம் நடந்தாள்.